வெடிப்பு மேலே, காரணம் அடியிலே: லோட்டஸ் எலான் பைபர் பாடி ரிப்பேர்

லோட்டஸ் எலான் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் முன் மட்கார்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. பட்டி தடவி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் கார் புதுசு போல மின்னும். அடுத்த கோடை முடிவதற்குள் அதே இடத்தில் அதே கோடு எட்டிப்பார்க்கும், இந்த முறை கொஞ்சம் நீளமாக. என் காரில் இது இரண்டு தடவை நடந்தது. இரண்டு தடவையும் காசு கொடுத்துப் பட்டறையில் செய்த வேலை. மூன்றாவது தடவை சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்து டார்ச் அடித்தேன். மேலே தெரிந்த கோட்டுக்கு நேர் கீழே, சக்கரக் குழியின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாக நைந்துபோன ஓர் இடம். டயர் வீசிய கல் பட்டிருக்கிறது. அந்த இடத்தை இரண்டு பட்டறையிலும் யாருமே பார்க்கவில்லை.

பைபர் பாடி என்பது கண்ணாடி நாரை ரெசின் என்ற இறுகும் பிசினில் ஊறவைத்துக் கட்டியது. அதில் வெடிப்பை மூடக் கூடாது. அது ஏன் வந்தது என்று கண்டுபிடித்து, நல்ல நார் தெரியும்வரை தோண்டி, அங்கிருந்து திரும்பக் கட்ட வேண்டும். கீழே உள்ள எல்லா அறிகுறிகளுக்கும் அடிப்படை இதுதான்.

முதலில் பாடி எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. எலான் 1962இல் லண்டன் எர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது, 1973 வரை தயாரானது. முதலில் செஸ்ஹன்ட் ஊரில், 1966க்குப் பிறகு நார்ஃபோக்கின் ஹெத்தலில். நடுவில் முதுகெலும்பு மாதிரி மடித்த இரும்புத் தகட்டுச் சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு உட்கார வைத்த பைபர் பாடி. மொத்தக் காரே சுமார் 700 கிலோதான். அந்தப் பாடியை அச்சில் கையால் கட்டினார்கள். அச்சுக்கு மெழுகு பூசி, அதன்மேல் ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு அடித்து, அது இறுகியதும் கண்ணாடி நார் மேட்டை விரித்து ரெசின் ஊற்றிப் பிரஷ்ஷாலும் உருளையாலும் அழுத்தி ஊறவைத்தார்கள். நம் கடற்கரையில் பைபர் படகு கட்டுகிறவர்கள் செய்வதும் இதே வேலைதான். மேட், ரெசின், ஜெல்கோட், ரெசினை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற சொற்களும் அவர்களிடம் புழங்குபவையே.

ஜெல்கோட்டுக்குள் நார் கிடையாது. அரை மில்லிமீட்டர் அளவுக்கு வெறும் ரெசின். கடினமானது, ஆனால் வளையத் தெரியாதது. அதற்கு அடியில் இருக்கும் மேட் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். எனவே பாடி எங்கே அளவுக்கு மீறி வளைகிறதோ அங்கே முதலில் ஜெல்கோட் உடையும், பிறகு பெயிண்ட். அறுபது வருஷத்தில் நாலைந்து தடவை ஒன்றன்மேல் ஒன்றாகப் பெயிண்ட் ஏற்றிய கார் என்றால் அந்தத் தடித்த பெயிண்ட்டே தானாகவும் வெடிக்கும். அது ஜெல்கோட்டில் இல்லை, பெயிண்ட்டில்தான் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் 240 உப்புத்தாளால் உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். பெயிண்ட் போனதும் கோடும் போய்விட்டால் சரி, பெயிண்ட் வேலை மட்டும்தான். கோடு கீழேயும் தொடர்ந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

நட்சத்திரம் போலப் பரவும் வெடிப்பு

ஒரு புள்ளியிலிருந்து நாலாபுறமும் கோடுகள் ஓடினால் அந்தப் புள்ளியில் ஏதோ இடித்திருக்கிறது. பெரும்பாலும் உள்ளேயிருந்து. மட்கார்டின் மேல்பக்கத்தில் வந்தால் கல். பானெட்டிலும் டிக்கியிலும் வந்தால், மூடும்போது உள்ளே ஏதாவது துருத்திக்கொண்டிருந்ததா, யாராவது முழங்கையை ஊன்றினார்களா என்று யோசியுங்கள். புள்ளி இல்லாமல் வட்ட வட்டமாக, நீர் அலை மாதிரி இருந்தால் வெளியிலிருந்து அழுத்தம் வந்திருக்கிறது.

பெயிண்ட்டை எடுக்கக் கடையில் விற்கும் சாதாரண பெயிண்ட் ரிமூவரைத் தொடாதீர்கள். அது பெயிண்ட்டோடு நிற்காமல் ஜெல்கோட்டையும் மென்மையாக்கும், ரெசினுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் விளைவைக் கொப்புளங்கள் பகுதியில் சொல்கிறேன். 80 நம்பர் உப்புத்தாளும் பொறுமையும் போதும். தூசி நுரையீரலுக்கு ஆகாது, எஃப்எஃப்பி3 மாஸ்க் கட்டாயம். முழுக்கை சட்டை, கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் தோலைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். நார் தோலில் ஏறிவிட்டால் இரண்டு நாள் அரிக்கும்.

கோடு ஒன்றிரண்டுதான் என்றால் ஒவ்வொன்றையும் முக்கோணச் சுரண்டியால் V வடிவத்தில் திறந்து கொண்டுபோங்கள். எங்கே நிறுத்துவது? அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு துடை துடையுங்கள். மேற்பரப்பு கண்முன்னே காய்ந்துவிடும். வெடிப்பு இன்னும் மிச்சமிருந்தால், அதற்குள் இறங்கிய அசிட்டோன் மட்டும் சில விநாடிகள் கருத்த மயிரிழையாக நிற்கும். அந்தக் கருப்பு இழை தெரியாமல் போகும்வரை தோண்ட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் என் மட்கார்டு முதல் தடவையிலேயே சரியாகியிருக்கும்.

கோடுகள் கொத்துக் கொத்தாக இருந்தால் ஒவ்வொன்றாகத் தோண்டுவது வீண். அந்தப் பகுதியின் ஜெல்கோட் முழுவதையும் மேட் தெரியும்வரை தேய்த்து எடுங்கள். ஜெல்கோட் ஒரே நிறமாக, வழவழப்பாக இருக்கும். மேட் வந்ததும் குறுக்கும் நெடுக்குமாக இழைகள் தெரியும். அங்கே நிறுத்திவிட்டு, மெல்லிய கண்ணாடி நார் டிஷ்யூவை ரெசினில் ஊறவைத்து ஒட்டுங்கள். முன்பு நாரே இல்லாத அடுக்கில் இப்போது கொஞ்சம் நார் இருக்கும். திரும்ப வெடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

மேல்பக்கம் பாதி வேலைதான். இனி அடிப்பக்கம். சக்கரக் குழியில் பல வருஷத்துச் சேறும் தாரும் அப்பியிருக்கும். சுரண்டி, டிடெர்ஜென்ட் போட்டுக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, 40 நம்பர் உப்புத்தாளால் மினுமினுப்பு போகும்வரை தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். நைந்த இடத்துக்குப் பின்னால் ஒரு டார்ச்சைப் பிடித்தால், பெயிண்ட் எடுத்த மேல்பக்கத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும். நல்ல இடம் தேன் நிறத்தில் ஒளிரும். அடிபட்ட இடம் வெள்ளைத் திட்டாக நிற்கும். அந்தத் திட்டு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மேலே தெரிந்த வெடிப்பைவிட அது எப்போதும் பெரிதாகவே இருந்திருக்கிறது, நான் பார்த்த வரையில்.

இப்போது மேட். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் இந்த வேலைக்குச் சரி. ஓர் அடுக்கு இறுகினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். ரெசின் மேட்டின் எடையைப்போல் இரண்டரை மடங்கு. 20 சென்டிமீட்டர் சதுரத்துண்டு 18 கிராம். இரண்டு அடுக்குக்கு 36 கிராம் மேட், 90 கிராம் ரெசின். ஹார்ட்னர் 2 சதவீதம், அதாவது 1.8 கிராம். கண்ணளவில் ஊற்ற வேண்டாம். சின்ன டிஜிட்டல் தராசும் ஊசியில்லாத சிரிஞ்சும் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் ஓரங்களைக் கையால் பிய்த்து எடுங்கள். பிய்த்த ஓரம் பழைய பரப்போடு கரைந்துபோகும், வெட்டிய ஓரம் வரப்பு மாதிரி நிற்கும்.

ரெசினைப் பிரஷ்ஷால் தீட்டக் கூடாது, குத்த வேண்டும். தீட்டினால் நார் இழுபட்டுச் சுருண்டுவிடும். முதலில் பரப்பில் ரெசின் பூசி, அதன்மேல் மேட்டை வைத்து, பிரஷ் நுனியால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே வாருங்கள். கொஞ்ச நேரத்தில் மேட்டை ஒட்டியிருக்கும் பசை கரைந்து, விறைப்பாக இருந்த வெள்ளைத் துண்டு தளர்ந்து கண்ணாடியாக மாறும். வெள்ளையாக எஞ்சிய இடமெல்லாம் காற்று. வரிவரியாக இருக்கும் உலோக உருளையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டி அதை வெளியேற்றுங்கள். கையில் பதினைந்து, இருபது நிமிஷம் இருக்கும். ரெசின் ஜெல்லி மாதிரி ஆனதும் கையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு தொட்டால் கெடும்.

ஹார்ட்னர் ஒரு பெராக்சைடு. கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்ஸலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ஆக்ஸலரேட்டரான கோபால்ட்டைத் தனியாக வாங்கிக் கலக்கும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும், இதில் எந்த மிகையும் இல்லை. ரெசினின் ஸ்டைரீன் ஆவிக்குத் தூசி மாஸ்க் பத்தாது, ஆவி வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். கப்பில் மிஞ்சிய ரெசின் தானாகச் சூடேறிப் புகையும். அதை வெளியே, மண்ணில் வையுங்கள்.

மூலையிலிருந்தோ போல்ட்டிலிருந்தோ கிளம்பும் நேர்க்கோடு

கதவுக் கீல், முன்கண்ணாடித் தூணின் அடி, டிக்கித் திறப்பின் மூலை, பம்பர் மாட்டும் இடம். இங்கெல்லாம் வரும் கோடு இடியால் வந்தது இல்லை, இழுவையால் வந்தது. பாடியை யாரோ, எதுவோ முறுக்கிக்கொண்டே இருக்கிறது. மேட் போட்டுக் கட்டினாலும் அந்த முறுக்கு இருக்கும்வரை பக்கத்தில் புதிதாக வெடிக்கும்.

பாடியைச் சேசிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். ஒன்றைத் தளர்த்தியதும் பாடி நாலைந்து மில்லிமீட்டர் மேலெழும்பினால், அங்கே ஷிம் என்ற மெல்லிய தகடு இருக்க வேண்டிய இடைவெளியை யாரோ போல்ட்டை இறுக்கியே மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இது எலானில் சகஜம். காரணம், இவற்றில் நிறைய கார்கள் தொழிற்சாலையில் முழுதாகப் பூட்டப்பட்டவை அல்ல. பிரிட்டனில் அன்று இருந்த கொள்முதல் வரி உதிரிபாகத் தொகுப்பாக விற்கும் காருக்குக் கிடையாது என்பதால், 1973இல் வாட் வரி வரும்வரை பலர் வீட்டிலேயே கோத்துக்கொண்டார்கள். அப்புறம் சேசிஸ் துருப்பிடித்து மாற்றியிருப்பார்கள். அறுபது வருஷத்தில் எத்தனை கை பட்டதோ. இடைவெளி எவ்வளவு என்று அளந்து, அந்தத் தடிமனுக்கு ஷிம் வைத்து, அகலமான வாஷர் போட்டு, பாடி இயல்பாக உட்கார்ந்த நிலையிலேயே போல்ட்டைப் பூட்டுங்கள். ஒரு வாரம் கழித்துக் கதவு இடைவெளிகளைத் திரும்ப அளந்துவிட்டு ரெசின் வேலையைத் தொடங்கலாம்.

கதவுக் கீலில் என்றால், கதவைத் திறந்து நுனியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் ஆணி தேய்ந்து ஆடுகிறதா, இல்லை கீல் ஆடாமல் பாடியே வளைகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணி இறுகிப்போய்ச் சுழலாமல் இருந்தாலும் இதே வெடிப்பு வரும். கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஆணிக்குப் பதில் பாடி முறுக்கப்படுகிறது.

காரணத்தை எடுத்த பிறகு, கோடு முடியும் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வெடிப்பு அதற்குமேல் ஓடாது. பிறகு முன்பு சொன்னபடி மேலே திறந்து, பின்னால் மூன்று நான்கு அடுக்கு மேட். ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பலம் சேர்க்கிறேன் என்று ஒரே அளவில் வெட்டிய நாலு துண்டுகளை அடுக்கிவிட்டால், அந்த அடுக்கின் ஓரம் ஒரு படிக்கட்டு. படியின் ஒரு பக்கம் விறைப்பு, மறுபக்கம் வளைவு. அடுத்த வெடிப்பு சரியாக அந்தப் படியில் வரும். ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிட எல்லாப் பக்கமும் 25 மில்லிமீட்டர் வித்தியாசப்படட்டும், விறைப்பு படிப்படியாகக் குறைந்து பழைய பாடியோடு கலக்கட்டும்.

போல்ட் சுழல்கிறது, ஆனால் கழலவில்லை

பாடியைக் கட்டும்போதே போல்ட் இடங்களில், போல்ட்டைப் பூட்டுவதற்கான பாபின் என்ற உலோகத் துண்டுகளை மேட்டுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். போல்ட் துருவேறிப் பிடித்துக்கொண்டால், ஸ்பானருக்கு நாம் கொடுக்கும் பலமெல்லாம் பாபினைச் சுற்றியுள்ள பைபரைக் கிழிப்பதற்குத்தான் போகும். முதல் எதிர்ப்பு தெரிந்ததுமே நிறுத்திவிடுங்கள். இரும்புக் காரில் செய்வதுபோல் கேஸ் டார்ச் காட்டக் கூடாது, ரெசின் கருகும், தீயும் பிடிக்கும். துரு நீக்கும் எண்ணெயை ஒரு வாரம் தினமும் ஊற்றி, முன்னும் பின்னும் கால் சுற்று அசைத்துப் பழக்குங்கள். வராவிட்டால் போல்ட் தலையைத் துளையிட்டு எடுப்பதே பாடிக்கு நல்லது.

பாபின் ஏற்கெனவே கழன்றுவிட்டதா? சந்துக்குள் பசை ஊற்றி ஒப்பேற்ற முடியாது. அந்த எண்ணெய் சுற்றியுள்ள நாருக்குள் இறங்கியிருக்கும், எதுவும் ஒட்டாது. பின்பக்கமாகச் சுத்தமான நார் வரும்வரை அரைத்து எடுங்கள். பாபினை வெளியே எடுத்து எண்ணெய் போகக் கழுவிச் சொரசொரப்பாக்குங்கள். இந்த ஓர் இடத்துக்கு நான் எபாக்சி என்ற வேறு வகை ரெசின்தான் வைப்பேன். உலோகத்தோடு அதன் பிடி, இதுவரை சொன்ன சாதாரண பாலியெஸ்டர் ரெசினைவிட நல்லது. எபாக்சியில் நறுக்கிய நார் கலந்து கெட்டியாக்கிப் பாபினைப் புதைத்து, கீலையும் போல்ட்டையும் மாட்டிய நிலையிலேயே இறுகவிடுங்கள். இல்லையென்றால் பாபின் இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரும், கதவு ஒருநாளும் சரியாக மூடாது. போல்ட்டின் மரைக்கு மட்டும் மெழுகு பூச மறக்க வேண்டாம்.

தட்டினால் மொத்தென்று கேட்கிறது

இரும்புக் காரில் பட்டியைக் கண்டுபிடிக்கக் காந்தம் போதும். இங்கே காந்தத்துக்கு வேலை இல்லை, காதுதான். நாணயத்தின் விளிம்பால் இரண்டு விரற்கடைக்கு ஒரு தட்டு. மேட் அடுக்குகள் நன்றாக ஒட்டியிருக்கும் இடம் டக் டக் என்று கூர்மையாகச் சொல்லும். மேட் அடுக்குகள் பிரிந்த இடம் பொத்தலாகச் சொல்லும். கெட்டியாகப் பட்டி அப்பிய இடம் மொத்தென்று செத்த சத்தம் தரும்.

என் காரின் இடது பின் மூலையில் அந்தச் செத்த சத்தம் கேட்டது. அரைத்தால் பட்டி, பட்டிக்குக் கீழே இன்னொரு நிறத்தில் பட்டி. பன்னிரண்டு மில்லிமீட்டர். அதற்கும் கீழே பாப் ரிவெட் அடித்த அலுமினியத் தகடு, அதன் பின்னால் உடைந்த பைபரின் இரண்டு ஓரங்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றன. மேலே பெயிண்ட் மட்டும் அழகாக இருந்தது. மனசு கனத்துப்போய் அன்று வேலையை நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்ட இடத்தில் எதையும் காப்பாற்ற நினைக்காதீர்கள். பட்டி, தகடு, ரிவெட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஓட்டை என்றே கணக்கில் வையுங்கள். பட்டி என்பது மேட் வேலை முடிந்த பிறகு கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளைவைச் சரிசெய்வதற்கு மட்டும்.

ஓட்டை, அல்லது துண்டு உடைந்து போய்விட்டது

விபத்து நடந்த இடத்தில் சாலையில் கிடக்கும் ஒவ்வொரு துணுக்கையும் பொறுக்கி வையுங்கள். எலானின் மூக்கில் ஒரு நேர்ப்பரப்பு கிடையாது, எல்லாம் இரண்டு திசையிலும் வளைந்தது. அந்த வளைவைக் கண்ணால் திரும்ப உருவாக்குவது மிகக் கடினம். துணுக்குகளை முன்பக்கமிருந்து டேப்பால் கோத்து நிறுத்தி, பின்னால் சின்னச் சின்ன மேட் பட்டைகளால் அங்கங்கே பிடித்துவைத்தால், தொலைந்த வடிவம் திரும்ப வந்துவிடும். பிறகு பின்னால் முழுதாக மேட் கட்டி, டேப்பை எடுத்து, முன்பக்கம் ஒவ்வொரு மூட்டையும் சரிவாக அரைத்து நிரப்பலாம்.

அரைக்கும் சரிவு இங்கே உயிர். ஒட்டு தாங்குவது பரப்பளவால்தான். தடிமனுக்குப் பன்னிரண்டு மடங்கு நீளச் சரிவு என்பது படகுக்காரர்கள் கணக்கு, காருக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஓட்டையைச் சுற்றிலும் 36 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரிவு. பார்க்கும்போது நல்ல பாடியை வீணாக அரைக்கிறோமே என்று கை தயங்கும். தயங்காதீர்கள்.

துணுக்கே இல்லையென்றால், சின்ன ஓட்டைக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டிய அட்டையை முன்பக்கம் டேப் போட்டு நிறுத்திப் பின்னாலிருந்து கட்டலாம். பெரிய இடத்துக்கு, தெரிந்தவர் எலானில் அதே மூலைக்கு மெழுகு பூசி ஓர் அச்சு எடுப்பதே வழி. எலானை வடிவமைத்த ரான் ஹிக்மன்தான் ஒர்க்மேட் என்ற மடக்கு வேலைமேசையைக் கண்டுபிடித்தவர். அச்சில் வார்த்த அந்தத் துண்டை ஓரம் சீவ நான் பிடித்துவைத்தது அந்த மேசையில்தான். அவர் போட்ட வளைவை அவர் மேசையிலேயே சரிசெய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு அன்று மிகவும் பிடித்திருந்தது.

ரெசின் இறுகவே இல்லை

விரல் நகத்தால் அழுத்துங்கள். மேல்பரப்பு மட்டும் பிசுபிசுத்து, அடியில் கல்லாக இருந்தால் கவலை இல்லை. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் காற்றுப் படும் பரப்பில் முழுதாக இறுகாது, அது அதன் குணம். அடுத்த அடுக்கு அதன்மேல் நன்றாகப் பிடிப்பதும் அதனால்தான். கடைசி அடுக்குக்கு மட்டும் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் பூசினால், மெழுகு மேலே மிதந்து காற்றைத் தடுக்கும், பரப்பு உலர்ந்துவிடும். அப்புறம் அந்த மெழுகை அசிட்டோனால் துடைத்து, நன்றாகத் தேய்த்த பிறகே அதன்மேல் எதையும் பூச வேண்டும்.

நகம் உள்ளே இறங்கினால் விஷயம் வேறு. இங்கிலாந்தின் கராஜில் நவம்பரிலிருந்து மார்ச் வரை 15 டிகிரிக்குக் கீழேதான் இருக்கும், அந்தக் குளிரில் பாலியெஸ்டர் தூங்கிவிடும். ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அளவுக்கு மீறிப் போனால் ரெசின் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். இடத்தையும் பாடியையும் ரெசின் டின்னையும் முந்தின நாளே 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள், தீ எரியாத மின் ஹீட்டரால். ஏற்கெனவே போட்டது ஒரு நாள் சூட்டிலும் இறுகாவிட்டால் சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் பூசினாலும் இறுகாமல் போகும். எபாக்சியின் ஹார்ட்னரில் உள்ள அமீன் அதைத் தடுக்கிறது. பாலியெஸ்டர்மேல் எபாக்சி வைக்கலாம், தலைகீழாக வேண்டாம். அதேபோல் சாதாரண மேட்டின் பசை ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்சியில் அது விறைப்பாகவே நிற்கும். எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள்.

போட்ட ஒட்டு அப்படியே உரிந்து வருகிறது

அடியில் மினுமினுப்பு இருந்தால் தேய்த்தது போதவில்லை. எண்ணெய், பாலிஷ், சிலிக்கோன் இருந்தாலும் இதே கதி. முதலில் துடைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும், முதலில் துடைக்காமல் தேய்த்தால் அழுக்கை உள்ளே அரைத்துவிட்டோம் என்று பொருள்.

கையில் இருப்பது எலான் இல்லை, 1970களின் பிற்பகுதி அமெரிக்க கார்வெட் என்றால் இன்னொரு காரணமும் உண்டு. 1953இல் கையால் கட்டிய பைபர் பாடியோடு தொடங்கிய கார்வெட், பிறகு நாரும் ரெசினும் முன்பே கலந்து, அழுத்த அச்சில் வார்க்கும் எஸ்எம்சி தகடுகளுக்கு மாறியது. அச்சிலிருந்து விடுபடுவதற்கான பொருள் அந்தத் தகட்டுக்குள்ளேயே கலந்திருக்கும். பாலியெஸ்டர் அதில் பிடிமானம் இல்லாமல் உரியும். அங்கே ஆரம்பம் முதல் முடிவு வரை எபாக்சிதான்.

பெயிண்ட்டில் கொப்புளங்கள்

ஒன்றை ஊசியால் குத்தித் திறந்து பாருங்கள். கீழே ஜெல்கோட் முழுதாக இருந்தால், பெயிண்ட்டுக்கு அடியில் ஈரமோ கரைப்பானோ மாட்டியிருக்கிறது. முன்பு யாரோ பயன்படுத்திய பெயிண்ட் ரிமூவர்கூட வருஷங்கள் கழித்து இப்படி வெளியே வரும். தண்ணீர் போட்டுத் தேய்த்துவிட்டு அன்றே ப்ரைமர் அடித்தாலும் வரும். பெயிண்ட்டை எடுத்துவிட்டுக் காரைச் சூடான உலர்ந்த இடத்தில் சில வாரங்கள் விட்டுவைப்பதே மருந்து.

ஜெல்கோட்டே குழியாக உடைந்து கீழே வெற்றிடம் தெரிந்தால், அது அன்று தொழிற்சாலையில் உருளைக்குத் தப்பிய காற்றுக் குமிழி. வெயிலிலோ பெயிண்ட் அடுப்பிலோ காற்று விரிந்து மூடியைத் தூக்கியிருக்கிறது. குழியின் கூரையை முழுதாக உடைத்துத் திறந்து, ரெசினில் நறுக்கிய நார் கலந்து நிரப்புங்கள். பெயிண்ட் அடிக்கக் கொடுக்கும் இடத்தில் இது பைபர் பாடி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரும்புக்கு வைக்கும் சூடு இதற்கு ஆகாது.

பெயிண்ட் அடித்த சில மாதத்தில் ஒட்டின் எல்லை தெரிகிறது

விரலுக்குத் தட்டுப்படாது. மாலை வெயில் சாய்வாக விழும்போது மட்டும் தீவின் கரை மாதிரி ஒரு வளையம் தெரியும். வெடிப்பு இல்லை, பயப்பட வேண்டாம். பாலியெஸ்டர் தொட்டால் இறுகியது போலத் தோன்றினாலும் பல வாரங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். அதற்குள் தேய்த்துச் சமமாக்கிப் பெயிண்ட் அடித்தால், பிறகு ஒட்டு மட்டும் உள்வாங்கும். கருப்பு, கரும்பச்சை போன்ற நிறங்களில் வெயில் சூடு அதிகம் ஏறுவதால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஏற்கெனவே வந்துவிட்டால் இனி சுருங்க அதிகம் மிச்சமில்லை. நன்றாகத் தேய்த்து, கெட்டி ப்ரைமர் அடித்து, நீளமான கட்டையில் உப்புத்தாள் சுற்றிச் சமமாக்கி, திரும்பப் பெயிண்ட் அடிக்கலாம். வராமல் தடுக்க, ஒட்டு வேலை முடிந்ததும் பாடியை ஒரு முழுக் கோடை சும்மா விடுங்கள். முடிந்தால் வெயிலில் நிறுத்துங்கள். என் மட்கார்டின் மேட் வேலை ஏப்ரலில் முடிந்தது. செப்டம்பரில் அசிட்டோன் துணியால் திரும்ப ஒருமுறை துடைத்தேன். ஓர் இழைகூடக் கருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ப்ரைமர் டின்னைத் திறந்தேன்.